ஜாமீன் சாரின் ஏழு மணி

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் நாலு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்காருவேன். மிச்ச நாற்காலிகளைப் பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டு எடுத்துப்போவார்கள். ஒரு நாள் நாற்காலி கேட்க வந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், அதை எடுக்காமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், நீங்க சிட்டிசனா?"

ஆமாம் என்றேன். ஐம்பது தாண்டிய பிறகு என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு அதிகம் இல்லை.

விஷயம் இதுதான். தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியில் இரண்டு பேர் அடித்துக்கொண்டபோது அவருடைய அறைத்தோழர் விலக்கிவிடப் போயிருக்கிறார். விழுந்து அடிபட்டவர், தள்ளியது இவர்தான் என்றுவிட்டார். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனால் ஜாமீன் நிற்பவர் சிட்டிசனாகவோ, பிஆர் எனும் நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். வருடக்கணக்காக இந்த ஊர்க் கப்பல்களுக்கு வெல்டிங் அடித்தவருக்கு இந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூடத் தெரியாது. விசாரணை வரும்வரை உள்ளேதான்.

"அதுக்கு ஏன்பா நானு?"

"நீங்கதான் எப்பவும் தனியா சாப்பிடுறீங்க. வேணாம்னு தடுக்க வீட்ல ஆள் இருக்காதுன்னு நெனச்சோம் சார்."

புத்தகம் புத்தகமாகப் படித்துத் தள்ளியவன் நான். என்னை இவ்வளவு சரியாக யாரும் படித்ததில்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

குற்றம் நிரூபணமாகாத மனிதன் வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் அவனுக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது என்றால், அதற்குப் பெயர் நீதியா, சிபாரிசா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவன் சொந்தப் பொறுப்பிலேயே விட்டால் என்ன? இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆவேசமாகப் பேசினேன். கேட்டவர் டீ ஆற்றுகிறவர் மட்டும்தான்.

ஜாமீன் நிற்பவன் தினமும் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் ஒரு நாளுக்குள் போலீசில் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் மறுபடி உள்ளே போவார். சொல்லாமல் இருந்து அவர் ஓடிவிட்டால் என் சேமிப்பு போகும். ஆகவே தினமும் மாலை ஏழு மணிக்கு அழைப்பு வரும்.

"ஜாமீன் சார், இருக்கேன்."

"சரிப்பா."

முதலில் அவ்வளவுதான். போகப்போக, "சாப்டீங்களா சார்?" சேர்ந்தது. பிறகு அன்றைக்கு டார்மிட்டரியில் யார் குழம்பைக் கருக்கினார்கள் என்பதும். என்னை அழைக்கும் மற்றவர்கள் காப்பீடு விற்பவர்களும் மோசடிக்காரர்களும். அவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அழைப்பு வரவில்லை. அழைத்தேன். போன் அணைந்திருந்தது. நாற்காலி கேட்க வந்த அவர் நண்பரின் போனும் அப்படியே. காலையிலும் அதே கதை. சரி, சொல்லிவிடலாம் என்று போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினேன். சிராங்கூன் சாலையில் ஊர்வலம் மறித்தது. அப்போதுதான், "கறி சாப்பிடுறதில்ல சார், விரதம்" என்று ஏழு மணி அழைப்பில் அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

ஊர்வலத்தோடே நடந்தேன். எல்லோரும் முருகனைத் தேட, நான் ஒருவன் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவரைத் தேடினேன். டோபி காட் தாண்டி, கோயிலை நெருங்கும்போது கண்டுபிடித்தேன். மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம், நாக்கில் வேல் குத்தி வாய்ப்பூட்டு. பக்கத்தில் நண்பர்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து மௌன விரதம் சார். போனையும் தொட மாட்டேன்னுட்டாரு."

"நீயாவது சொல்லக்கூடாதா?"

"அவர் போனைத் தொடாதப்போ நான் தொட்டா நல்லாருக்காதுன்னு... கேஸ் நல்லபடியா முடியத்தான் சார் வேண்டுதலே."

"வேண்டுதலாலேயே உள்ள போயிருப்பாரு லா!"

பால்குடக்காரரால் பேச முடியாது, தலையாட்டவும் முடியாது. என்னைப் பார்த்து இரண்டு கண்ணையும் அழுத்தி மூடித் திறந்தார். சட்டப்படி இதுவும் தொடர்புதான் என்று நானே தீர்ப்பளித்துவிட்டு வீடு திரும்பினேன்.

முருகனோ அரசுத் தரப்போ, யாரோ மனமிரங்கினார்கள். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்று ஏழு மணிக்கு அழைத்தார்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல சார்."

சொன்னபடியே தொந்தரவு இல்லை. விதி மாற வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். மாறியிருந்தால் அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்பதை டீக்கடையில் சொல்வதில்லை.

சில நாள் பொறுத்தேன். பிறகு ஒரு மாலை ஏழு மணிக்கு நானே அழைத்தேன்.

"சார்! கேஸ மறுபடி தொறந்துட்டாங்களா?" பதறிவிட்டார்.

"இல்லப்பா," என்றேன். "இருக்கேன்னு சொல்லத்தான்."