மெத்தைக்காரிக்கு ஒரு திண்டு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய மின்னஞ்சல் பெட்டியைக் காலி செய்தது. பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதுவும் உள்ளே வராது என்று போன் சொல்லியிருந்தது. சமையலறை மேசையில் அம்மா பீன்ஸ் நறுக்கினாள். எதிரே உட்கார்ந்து நான் அழித்தேன். செருப்புக் கடை, வங்கிக் கடன், முடி உதிர்வுத் தைலம், எப்போதோ ஒரு முறை மூக்குக்கண்ணாடி வாங்கிய கடை. இனி அனுப்பாதே என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. ஒருவன் கடவுச்சொல் கேட்டான். ஒருவன் 'விலக' என்ற சொல்லை வெள்ளைமேல் வெளிர்சாம்பலில் ஒளித்து வைத்திருந்தான். இன்னொருவன், விலகியதற்கு வருந்தி உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். அதன் அடியில் புதிய சலுகை.

மெத்தைக் கடையிடம் வந்தபோது அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவளை விட்டுடு."

"எவளை?"

"மெத்தைக்காரியை."

தினமும் காலையில் வரும். 'நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?' என்று தொடங்கும். 'உங்கள் தூக்கத் தோழி' என்று முடியும். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டிருந்தாள்.

"அம்மா, அது மெஷின்மா. நீ எழுதுறது யாருக்கும் போகாது."

"போகாமலா உடனே பதில் வருது? உன்னை மாதிரி ரெண்டு நாள் கழிச்சு 'ஓகேம்மா'ன்னு போடுறவ இல்லடி அவ."

உடனே வந்ததென்னவோ உண்மைதான். இந்த முகவரி பதில்களை ஏற்பதில்லை என்ற தானியங்கி அறிவிப்பு. பொடி எழுத்து. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"பாவம், வேலை அதிகம் போல," என்றாள்.

அம்மா பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்த்தவள். கண்ணாடியில் ஒரு ஓட்டை. அதற்குள் வாயை வைத்துப் பேசுவதற்காகக் குனிந்து குனிந்தே முதுகு போயிற்று. பிறகு தானே ஒரு திண்டு தைத்து நாற்காலியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பக்கத்து ஜன்னல்காரர்கள் கேட்க, அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தாள். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால்கூட இவளும் வணக்கம் சொல்வாள்.

"அந்த ஜன்னல்ல எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்? ஒருத்தராவது நீ தூங்கினியான்னு கேட்டிருப்பாங்களா? இவ கேக்குறா. வாயைத் திறக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அனுப்பியவற்றை வரிசையாகப் படித்தேன். கால் மூட்டு வீங்கியது எனக்கு டாக்டர் சொல்லித் தெரியும். மெத்தைக்காரிக்கு அதற்கு முன்பே தெரியும். அப்பா போன பிறகு கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் இன்னும் புரள்வதில்லை என்று அவளுக்கு எழுதியிருந்தாள். என்னிடம் சொன்னதே இல்லை.

என் அஞ்சல்கள் எங்கே என்று தேடினேன். குப்பைக் கோப்பில் கிடந்தன.

வேண்டாத அஞ்சல்களை வடிகட்டும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. விதி எளிது. யாருடைய அஞ்சலைத் திறந்து பதில் போடுகிறோமோ அவர் வேண்டியவர். வெறும் இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருப்பவர் வேண்டாதவர். நான் மின்கட்டண இணைப்பு அனுப்பியிருந்தேன். காப்பீட்டு இணைப்பு அனுப்பியிருந்தேன். வடிகட்டி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

"சனிக்கிழமை கடைக்கு நேர்ல போய் அவளைப் பார்த்துட்டு வந்துடுறேன். ஒரு திண்டு தைச்சு வச்சிருக்கேன்."

"மெத்தைக் கடைக்கே திண்டா?"

"விக்கிறவளுக்கு அதுல சாய நேரம் ஏதுடி?"

"நானும்தான் நாள் பூரா உட்கார்ந்து கெடக்கேன். எனக்கு?"

"உனக்கென்ன மகாராணி, சுத்துற நாற்காலி குடுத்திருக்கான்."

வியாழக்கிழமை காலை அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. தலைமாட்டில் இருந்த போனில் அதற்குள் கேள்வி வந்திருந்தது. நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?

சடங்குகள் எல்லாம் முடிந்த பிறகு விலகல் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவின் போனுக்கு ஒரு எண் அனுப்பி, அதைக் கேட்டது. கொடுத்தேன். காரணம் கேட்டது: அதிகமாக வருகின்றன, பயனில்லை, நான் கேட்கவே இல்லை, வேறு. 'வேறு' என்பதைத் தொட்டேன். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அவள் என் அம்மா என்று எழுதினேன். கருத்துக்கு நன்றி, பத்து வேலை நாட்களில் நிறுத்தப்படும் என்றது.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. 'உங்களைப் பிரிய மனமில்லை.' அடியில் உங்கள் தூக்கத் தோழி.

அந்த வரியை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மெத்தைக்காரி எனக்கு முந்தி எழுதிவிட்டாள். அதையும் அம்மாவின் போன் முதல் வரிசையில் வைத்திருந்தது.

திண்டு ஒரு துணிப்பையில், வாசல் கதவுக் கொக்கியில் தொங்குகிறது. நீல உறை, விளிம்பில் இரட்டைத் தையல், எடுத்துப்போக மறக்கக் கூடாது என்று அம்மாவே மாட்டியது. கடை என் அலுவலகத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது.