முதல் கூழ்க்குடம் யாருக்கு

எங்கள் குப்பத்தின் வரலாற்றைக் கேட்டு யாராவது வந்தால், நாங்கள் கையைக் கடல் பக்கம் நீட்டுவோம். கோயில், பள்ளிக்கூடம், என் அத்தை வீடு எல்லாம் அங்கேதான் இருந்தன. கடல் ஒவ்வொரு தெருவாக விழுங்கிவிட்டது. இப்போது எண்ணூர் சாலையை ஒட்டி, லாரிகள் தூசி வாரி இறைக்கும் இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். இடம்தான் மாறியதே தவிர சண்டைகள் அப்படியே இருக்கின்றன. அன்று கிணற்றடியில் முறைத்துக்கொண்டவர்கள் இன்று தண்ணீர் லாரியடியில் முறைத்துக்கொள்கிறார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, பழைய கோயிலுக்கு நேர் எதிர் வீட்டிலிருந்துதான் முதல் குடம் வர வேண்டும். கோயிலும் எதிர் வீடும் கடலுக்குள் போய்விட்டன, வழக்கம் மட்டும் எங்களோடு வந்துவிட்டது. பூசாரி, "எதுர் வூட்டம்மா வா!" என்று குரல் கொடுப்பார். எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து அத்தை குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். வீடு போனதிலிருந்து அவளும் மாமாவும் அந்தப் பின்னறையில்தான் இருக்கிறார்கள். வருடம் முழுக்க ஊருக்கு அவள் தம்பி வீட்டில் இருப்பவள். அன்று ஒரு நாள் மட்டும் அவள் ஒரு வீட்டுக்காரி. அந்த நடையைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன ஆடிக்கு முன்னால் நடந்த ஊர்க் கூட்டத்தில், அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். இருவரும் காசிமேட்டில் ஏலம் எடுத்து ஒரே ஆட்டோவில் மீன் கொண்டுவருகிறவர்கள். அன்று காலையிலும் ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள்.

"நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன். அம்மனுக்கு நேரா கீறது என் வூடுதான். யக்கா வூடு கொஞ்சம் தள்ளிக் கீது," என்றாள்.

"இன்னா தைரியம்டீ உனக்கு!" என்று அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஊர்த் தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நேர்ல போய்ப் பாத்துடலாம்," என்றார். கடலுக்குள் போய், இல்லாத கோயிலை. வேறு ஊராக இருந்தால் அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். எங்கள் ஊர், "எத்தினி மணிக்கு?" என்று கேட்டது.

அப்பாவின் ஃபைபர் படகில் தலைவர், நான், அந்த இரண்டு பெண்கள் எல்லோரும் ஏறினோம். கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்துக் கடலில் இடம் பிடிப்பது எங்கள் ஆட்களின் வித்தை. அப்பா மாதாகோயில் சிலுவையை அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு நேராகவும், தண்ணீர்த் தொட்டியைப் பாலத்துக்கு நேராகவும் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தினார்.

"இதான் கோயிலு."

"யோவ், அந்தப் புகைபோக்கி புதுசு. நம்ம காலத்துது வேற," என்றார் தலைவர்.

படகை நகர்த்தினார்கள். கோயில் தெற்கே போனது. இன்னொரு புகைபோக்கியை வைத்துப் பார்த்தபோது வடக்கே வந்தது. கோயிலுக்கு மேல் நிற்கிறோமே என்று தலைவர் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒருவழியாக, கோயில் வாசல் இதுதான் என்று அப்பாவும் தலைவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் படகு நின்றது. நின்றதும் அலை அதைப் பக்கவாட்டில் போட்டு ஆட்டியது. மீன் விற்கிற பெண்கள்தானே தவிர, அவர்களுக்குக் கடலில் போய்ப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு முகம் வெளுத்தது. விளிம்பில் சாய்ந்து, காலையில் சாப்பிட்ட ஆப்பம் அத்தனையையும் கடலுக்குக் கொடுத்தாள்.

"அடிப்பாவி! என் வூட்டு வாசல்ல வாந்தி எடுக்கறியே!" என்று அத்தை அலறினாள்.

"கோச்சிக்காத யக்கா, முடியல. தோ, கழுவி வுட்டுட்றேன்."

சொன்னபடியே இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி அள்ளி, அதே இடத்தில் கடல்மேல் ஊற்றிக் கழுவினாள்.

தலைவர் துள்ளி எழுந்ததில் படகே சாய்ந்தது. "கேட்டீங்களா? அக்கா வாசல்னு அவளே ஒத்துக்கினா! முடிஞ்சிது பஞ்சாயத்து!"

அப்பா சிரித்த சிரிப்பில் எஞ்சின் கயிற்றை இழுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி தான் சொன்னது இன்னதென்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஜெயித்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை நனைத்துப் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைத் துடைத்து, தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

இறங்கியதும், "மொத கொடத்த அவளே தூக்கட்டும்," என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, வெயில்ல அவ்ளோ தூரம் போய் ஜெயிச்சிட்டு வந்து இப்டி சொல்ற?"

"வூடு போன நாள்லேர்ந்து நீங்கல்லாம் அங்க இன்னா கீது, வெறும் தண்ணிதானேன்னு சொல்றீங்க," என்றாள் அத்தை. "அவ ஒருத்திதான், என் வாசல் அழுக்காயிடுச்சேன்னு கழுவனா."