லட்சுமிக்குக் கேட்டுவிடும்

இன்று காலை முதல் வேலையாகப் பூனையைக் கூடையில் அடைத்து, தடுப்பூசி போட ஆம்பூர் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னால், முழங்கால் வீங்கிய பசுவோடு ஒருவர் நின்றார். "ஊசி போடுறேன், ஒரு வாரம் பாருங்க. சூடு மட்டும் வெச்சிடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க ஊர்ல கம்பியக் காய்ச்சித்தான் வைக்கிறாங்க. வீக்கம் எறங்கலைன்னா நானும் வெச்சிடுவேன்."

தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவள் நான். சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, சூட்டுத் தழும்பு இருந்தா அந்தத் தோலை நாங்க கழிச்சிடுவோம்" என்றேன்.

அவர் சட்டென்று பசுவின் காதைப் பொத்தினார்.

"இன்னாம்மா, உயிரோட நிக்கிற லட்சுமிகிட்ட தோல் கதை பேசுற? பயந்துக்கப் போவுது!"

"இவ்ளோ பாசம் வெச்சிருக்கீங்க, கம்பிய எப்படி வைப்பீங்க?" என்று கேட்டபடி டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

ஊசி போட்டு முடியும்வரை அவர் லட்சுமியின் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் கிளம்பும்போது எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

பூனையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தால், முதல் தோலிலேயே தொடைப்பக்கம் ஒரு சூட்டுக்கோடு. வழக்கம்போல் சாக்பீஸால் வட்டம் போட்டேன். இதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ.

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் லட்சுமியைப் போய்ப் பார்க்கப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. தோலைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். வேறு என்ன பேசலாம், சொல்லுங்கள்.