வெர்லா எழுதாத சனிக்கிழமைகள்

வெர்லா ஸ்டெங்கல் எங்கள் மாவட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். மணிக்கணக்கில்தான் சம்பளம். சொத்து வரி, வண்டிப் பதிவு, கல்யாண உரிமம், அடுத்தவன் சோளத்தை மேய்ந்த மாட்டின் மீது புகார், எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மண் சாலைகளை மட்டம் தட்டும் வண்டியை ஓட்டுகிறவன் நான், அதனால் அவளுடைய சிடுசிடுப்பு எனக்குப் பழகிப்போனது.

பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்த ஜெனலை இரண்டு பேர் கொன்ற பிறகு, அந்த மேசையில் கொலை வழக்குக் காகிதமாகக் குவிந்தது. எங்கள் மாவட்டத்தில் மொத்தமே ஆயிரத்து எழுநூறு பேர். வழக்குச் செலவெல்லாம் எங்கள் தலையில். கொன்றவர்களுக்கு வக்கீல் வைப்பதும் நாங்கள்தான், ஒமாஹா நகரத்திலிருந்து ரத்தக்கறை நிபுணரை வரவழைப்பதும் நாங்கள்தான். சுட்டவனோடு கூட வந்தவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பழுது பார்க்க வழியில்லாமல் இரண்டு பாலங்களை மூடினோம். சுட்டவனின் வழக்கு இன்னும் பாக்கி இருந்தது.

ஒரு வழக்குக்கு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டிச் செலவானால், மாநில அரசு பாதியைத் திருப்பித் தரும். அது வந்தால்தான் அடுத்த வழக்கு. வராவிட்டால் சுட்டவனோடு பேரம் பேசி, சின்னக் குற்றமாக ஒப்புக்கொள்ள வைத்து முடித்துவிடுவதைத் தவிர வழியில்லை என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவன் வெளியே வந்துவிடுவான்.

வெர்லா கூட்டிப் பார்த்தாள். இரண்டு லட்சத்துக்கு அறுநூற்று இருபது டாலர் குறைந்தது.

குறைத்தது நாங்கள்தான். ஜூரிகளுக்கு சர்ச் பெண்கள் சும்மாவே சமைத்துப் போட்டார்கள். போலீஸ்காரர்கள் சொந்த வண்டியில் அலைந்தார்கள். சாட்சிகளை நாங்கள் வீடுகளில் தங்கவைத்தோம். ஜெனலுக்காகச் செய்ததற்கு யார் பில் போடுவது? பில் இல்லாததை மாநில அரசு செலவாகவே பார்க்காதாம். பில் கொடுக்கப் பத்து நாள்தான் மிச்சம்.

வெர்லா வீடு வீடாக ஏறி இறங்கினாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"ரெண்டு சாட்சி ஆறு நாள் உன் வீட்ல தங்கினாங்கள்ல? எழுதிக் குடு."

"என் வீடு என்ன லாட்ஜா? அந்தப் பொண்ணு சாவுல வாடகை வாங்கினவன்னு பேர் எடுக்கணுமா நான்?"

"நல்ல பேரோடவே இரு. நாளைக்கு அவன் வெளிய வந்து உன் பக்கத்துல நின்னு பெட்ரோல் போடுவான். சிரிச்சிக்கிட்டே கை குடு."

கதவைச் சாத்திவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எல்லா வீட்டிலும் அவளுக்கு இதே மரியாதைதான்.

கடைசியாக மிஞ்சியவள் ஐலீன். ஜெனலின் அம்மா. நீதிமன்றக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. அவளும் ஒரு சாட்சி, மற்றவர்கள் சொல்வதைச் சாட்சி கேட்கக் கூடாது என்பதால், விசாரணை நடந்த பதினொரு நாளும் அவளை உள்ளே விடவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு போய்ப் பெருக்கினாள். அந்த ஓவர்டைமை அவள் எழுதவே இல்லை.

வேலை நேரத்தை எழுதும் மணிச் சீட்டை வெர்லா அவளிடம் நீட்டியபோது, நான் நீதிமன்ற வாசல் படியில் பனி வாரிக்கொண்டிருந்தேன்.

"அது வேலை இல்ல வெர்லா," என்றாள் ஐலீன். "பெருக்கினது பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் கேஸுக்காக அவ போட்டோ வெச்சிருந்த பலகை முன்னால உக்காந்திருந்தேன். அதுக்கு நான் கூலி வாங்கணுமா?"

வெர்லா சீட்டை மடித்துக்கொண்டாள்.

"சரி, நீ சனிக்கிழமை தவறாம வந்து ஃபைல் கட்டினியே. அதை எழுதிட்டியா?" என்று கேட்டாள் ஐலீன்.

ஒன்பது சனிக்கிழமை. ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தவள் தன்னுடையதில் ஒரு மணி நேரத்தைக்கூட எழுதவில்லை.

"ஜெனலுக்குன்னு செஞ்சதை எப்படி ஐலீன்..."

"எழுதும்மா. எனக்காக எழுது."

வெர்லா அழுது அன்றுதான் பார்த்தேன். எழுதினாள். வீட்டுக்குப் போய் நானும் ஆறு நாளுக்குப் பில் எழுதினேன்.

கணக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அலுப்பூட்டும் நாலு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பணம் வந்தது. சுட்டவனின் விசாரணை மே மாதம் தொடங்கியது. இந்த முறை ஐலீனின் சாட்சியம் தேவைப்படவில்லை.

"பகலெல்லாம் நான் உள்ள உக்காந்துட்டா கட்டடத்தை யாரு பெருக்குவா?" என்று கேட்டாள்.

"நான் பெருக்கறேன். நீ போய் முன்வரிசையில உக்காரு," என்றாள் வெர்லா.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வெர்லா துடைப்பத்தோடு, ஜெனலின் போட்டோப் பலகை இருந்த கூடத்துக்குள் போனாள். வெளியே வந்ததும் மணிச் சீட்டை எடுத்து, நாற்பது நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.