முற்றத்தில் மட்டும் கிடைக்கும் சிக்னல்

எங்கள் காரைக்குடி வீட்டில் இருபது அறைகள். சுவர் கனத்தில் எதிலும் சிக்னல் வராது. முற்றத்தில் மட்டும் வரும்.

இன்று அங்கே உட்கார்ந்துதான் ஆன்லைனில் மனநல ஆலோசகரிடம் பேசினேன். பக்கத்தில் மாமியார் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

இயர்போனில் ஆலோசகர் சொன்னார்: "மனசுல வலி வந்தா விரட்டாதீங்க. ஏத்துக்கங்க."

"சரி, ஏத்துக்கிறேன்."

மாமியார் முகம் மலர்ந்து போனை நோக்கிக் குனிந்தார். "நீங்களாச்சும் ஏத்துக்க வச்சீக டாக்டரம்மா! பத்து வருசமா நான் சொன்னதக் கேட்டாளா?"

ஆலோசகர் தொடர்ந்தார்: "வலியோடயே உங்களுக்கு முக்கியமானதச் செய்யணும். எது முக்கியம், சொல்லுங்க?"

கல்யாணத்துக்காக விட்ட டீச்சர் வேலை. சொல்ல வாயெடுத்தேன். மாமியாரின் காது ஒரு முழத்தில் இருந்தது.

"அடுத்த வாரம் சொல்றேன் மேடம்."

யார் காதிலும் விழாமல் சிக்னல் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். குன்றக்குடி மலை உச்சியானாலும் ஏறுகிறேன்.