பத்துக் குடுவைக்கு ஒரு மணி

1986இல் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆலையின் லேபில் பயிற்சிக்கு இருந்தேன். அங்கே குடுவை கழுவ வந்தவர் தையல்நாயகி. கெடார்க்காரர், பத்தாவது பாஸ். விழுப்புரத்தில் பஸ் மாறி வருவார். எண்ணெயின் அமிலத்தன்மையை அளக்க வெளிநாட்டு இயந்திரம் ஒன்று வந்ததும் அதைக் கவனிக்கும் வேலையும் அவரிடம் வந்தது. பொங்கல் வரை பிசகில்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம்.

தட்டில் பதினாறு கப் எண்ணெய். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் இயந்திரத்தின் கை எழும்பி அடுத்த கப்பில் இறங்கும். ஏதாவது கோளாறானால் நின்றுபோய், ஓயாமல் கத்தும். தையல்நாயகி பின்கட்டுக் குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டே அதற்குக் காது கொடுத்திருப்பார்.

லேப் மேலாளர் கோதண்டபாணிக்கு அந்தச் சத்தம் ஆகாது. பம்பாய் ஆபீசுக்கு ட்ரங்க் கால் பேசும்போது குறுக்கே வருகிறதென்று, முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியைச் சத்தம் வரும் அதன் வாயில் ஒட்டிவிட்டார்.

நாலாம் நாள், சோதனைக்காகக் கப்பில் சொட்டும் காரக் கரைசல் தீர்ந்து, ஒன்பதாவது கப்பில் இயந்திரம் நின்றது. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. முடிவு வராமல் டேங்கர் லாரி வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்றது.

"எங்கம்மா போயிருந்த?" என்றார் கோதண்டபாணி.

"கொழாயாண்டதான் சார் இருந்தேன். அது வாயத்தான் ஒட்டி வச்சிகிறீங்களே."

"இன்னொரு தபா நின்னுச்சு, நீ ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

மறுநாள் தையல்நாயகி தன் வீட்டுக் கன்றுக்குட்டியின் கழுத்து மணியைக் கொண்டுவந்து இயந்திரத்தின் கையில் நூலால் கட்டினார்.

"லேபா இது, மாட்டுக் கொட்டாயா?" என்றார் கோதண்டபாணி.

"பத்துக் குடுவை கழுவறதுக்குள்ள ஒரு தபா அடிக்கும் சார். பன்னெண்டு கழுவியும் அடிக்கலைன்னா ஓடியாந்துருவேன்."

மார்கழியில் ஒரு நாள் கோதண்டபாணி பம்பாயோடு பேசிக்கொண்டிருந்தபோது தையல்நாயகி ஈரக்கையோடு ஓடி வந்தார். கரைசல் வரும் குழாய் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கை எழும்பியது, மணி அடித்தது.

"அதெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு சார்" என்று போனில் கத்தினார் கோதண்டபாணி.

பொங்கல் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. அதைக் கொடுத்த கையோடு கோதண்டபாணியே பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

"இப்பவாவது அந்த மணியக் கழட்டும்மா."

"நீங்க இன்னொரு ட்ரங்க் கால் பேசி முடிங்க சார்" என்றார் தையல்நாயகி. "அப்பறமா கழட்டறேன்."