C7-க்குள் இருந்த ஆறரைக் கட்டை

ஆர்மோனியத்தின் கட்டைக் கணக்கு எனக்கு மனப்பாடம். C என்றால் ஒரு கட்டை, D இரண்டு, அப்படியே போய் B ஏழு. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, ஆறரை என்று பெயர். ராஜபாளையத்தில் பாடுகிறவர்கள் எல்லோரும் சுருதியை இப்படித்தான் சொல்வார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் புதுக் கீபோர்டு வாசிக்க என்னைக் கூப்பிட்டு, பாட்டு வரிகளுக்கு மேலே கார்டுகள், அதாவது சேர்த்து அமுக்க வேண்டிய சுரக்கூட்டங்கள், குறித்த ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்தபோது நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எழுத்து மட்டும் இருந்தால் அந்தக் கார்டின் மூன்று சுரங்கள். பக்கத்தில் 7 இருந்தால் கூடவே ஏழாம் கட்டை. கல்லூரியில் கணக்குப் படிக்கிறவளுக்கு இதில் என்ன இருக்கிறது?

G கார்டில் ஏழாம் கட்டை ஏற்கெனவே உண்டு. முதலில் பழகிய பாட்டுகளில் G7 மட்டுமே வந்ததால் என் தப்பு வெளியே தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாட்டு ஒன்று F சுருதியில் இருந்தது. அதில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் C7. அந்த இடத்தில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ என் வாசிப்போடு மோதியது. ஆல்ட்டோவைத் தாங்கிப் பாடியவள் மகாராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற, என் வயதுப் பெண். அவள் சுருதி விலகுகிறாள் என்று தாளைக் காட்டிச் சொன்னேன். அவள் இல்லை என்றாள். பாடகர் குழுவை நடத்திய டீச்சருக்குக் கார்டு தெரியாது. தாளை நம்பி, அந்தப் பாட்டுக்கு மட்டும் அவள் உட்கார்ந்துகொள்ளட்டும் என்றார். அவள் வீட்டார் கிறிஸ்துமஸ் அன்று மொத்தமாக வருவதாக இருந்தது.

என் பெரியம்மா மகன் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்கு பேஸ் கிடார் வாசித்தான். திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னான்: "ஏட்டி, அந்தப் பிள்ள சரியாத்தான் பாடுதா. ஒன் கைதான் எங்கயோ இடிக்கி."

"தாள்ல அப்படித்தாண்ணே இருக்கு."

"தாளா பாடுது?"

மறுநாள், அவனிடம் நிரூபிப்பதற்காகத்தான் தாள்களைப் புரட்டினேன். வேறொரு பாட்டில் B♭7 என்று இருந்தது. B♭ என்பது ஆறரைக் கட்டை; என் கணக்குப்படி அதையும் பக்கத்து ஏழையும் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினேன். காது கூசியது. இப்படி யாரும் பாட்டு எழுத மாட்டார்கள்.

அப்புறம் கார்டின் எழுத்தையே ஒன்றாக வைத்து, அந்தந்தப் பாட்டின் சுரங்களிலேயே எண்ணிப் பார்த்தேன். F-இல் உள்ள பாட்டில் C-யிலிருந்து ஏழு எண்ணினால், நான் அமுக்கிய ஏழாம் கட்டையில் இல்லை, ஆறரைக் கட்டையில் போய் நின்றது. அவள் பாடிக்கொண்டிருந்த அதே சுரம்.

அடுத்த பயிற்சியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மன்னிப்பைவிட விளக்கம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. டீச்சர் தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அவளை எழுந்து முன்வரிசைக்கு வரச் சொன்னார்.

அவள் வந்தாள். "எல்லாக் கணக்கும் முடிஞ்சுட்டுல்லா? பாடலாமா?" என்று கேட்டாள்.

C7 வந்தது. மோதல் இல்லை. இரண்டாம் அடியிலும் இல்லை. மூன்றாம் அடிக்கு முன் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப நான் பாடுறது எனக்கே கேக்க மாட்டேங்கு. செத்த மெதுவா வாசி."

ஒலியைக் குறைத்தேன்.